ஒரே ஒரு வார்த்தை சேத்துக்கோங்க

இல்லீங்கய்யா, செருப்பு உள்ளயே இருக்கட்டும். தப்புதான், தெரியுது. ஜோசியம் பாக்கற எடம், செவுத்துல ஒம்போது கிரகமும் படமா மாட்டியிருக்கு, அங்க போய் செருப்பைக் கொண்டாந்து கதவு ஓரமா வைக்கறது மரியாதை இல்லதான். பேப்பர்ல சுத்தித்தான் வச்சிருக்கேன். வெளிய படிக்கட்டுல விட்டா யாராவது பாத்துடுவாங்களோன்னு ஒரு இது. சிரிக்காதீங்க. அத்திபெலேல என்னையே யாருக்கும் தெரியாது, என் செருப்பை யாருக்குத் தெரியப் போகுது? எனக்கும் புரியுது. ஆனா கூச்சம்னு வந்துட்டா மனுஷன் செருப்பைக்கூட ஒளிச்சு வைக்கறான்.

சேர் வேணாங்க, நான் இந்த ஜன்னல்கிட்ட பாயிலயே உக்காந்துக்கறேன். இங்கேருந்து கீழ பேக்கரி தெரியுது பாருங்க, அது தெரிஞ்சாப் போதும்.

என்னை ஞாபகம் இருக்குங்களா? இருக்கும்னுதான் நெனச்சேன். மறக்கற மாதிரியா நடந்துக்கிட்டேன் நான். ஆமா, அவனேதான். வெங்கடகிருஷ்ணன். போன வருஷம் ஹெப்பகோடி கணபதி பந்தல்ல உங்ககூட ஒரே மேடையில ஏறினவன்.

இல்லல்ல, வாதம் பண்ண வரலீங்க. சத்தியமா வரல. அன்னிக்குப் பேசுனதோட என் வாயி அடங்கிப்போச்சு. ஜாதகமா? கொண்டாரல. எனக்குப் பாக்கவும் வேணாம். என் வொய்ஃப் ராதா விஷயமா வந்தேன். அவளுக்கு நீங்கதான் ஒரு ஒத்தாசை பண்ணணும். டாக்டருங்க பண்ணிப் பாத்துட்டாங்க, நான் பண்ணிப் பாத்துட்டேன். இனிமே நீங்கதான்.

என்ன ஒத்தாசைன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் என்ன வேலை பாக்கறேன்னு உங்களுக்குச் சரியாத் தெரியணும். அன்னிக்கு மேடையில ஏதோ கத்துனேன், ஒழுங்காச் சொல்லல. காரணமாத்தான் சொல்றேன், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. டீயா? சொல்லுங்க, குடிக்கறேன். சக்கரை ஸ்வல்ப கம்மியா.

சனியைச் சுத்தி நெறைய நிலா இருக்குங்க. அதுல பெரிய நிலா பேரு டைட்டன். சொல்லிப் பாருங்களேன். டைட்டன். ஆங், சரியா வருது. நம்ம நிலாவுல காத்துன்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. டைட்டன்ல இருக்கு. நம்ம பூமியில இருக்கறதைவிடக் கெட்டியான காத்து. அதுலயும் நம்ம காத்து மாதிரியே நைட்ரஜன்தான் ஜாஸ்தி. கூடவே மீத்தேன். மீத்தேன்னா பெரிய விஷயம் இல்லீங்க, சாணியைத் தொட்டியில கொட்டி கேஸ் எடுத்து அடுப்பு எரிப்பாங்களே, அந்த கேஸ்தான். இங்க கேஸா இருக்கறது அங்க இருக்கற குளிருக்குத் தண்ணி மாதிரி ஆயிடும். மழையாப் பெய்யும். ஆறா ஓடும். எங்க கவின்கிட்ட இதை மொதல்ல சொன்னப்ப ஒரு வாரத்துக்குச் சிரிச்சான். சாணி கேஸ் மழை, சாணி கேஸ் மழைன்னு ஸ்கூல் வேன்ல எல்லாப் பசங்ககிட்டயும் சொல்லிட்டு வந்தான். அப்புறம் ஒரு நாள், ஏம்ப்பா, அங்க போயி தீக்குச்சி கிழிச்சா மொத்த ஊரும் பத்திக்குமான்னு கேட்டான். பத்தாதுடா, அங்க ஆக்ஸிஜன் இல்லைன்னேன். அப்ப அடுப்பே பத்தவைக்க முடியாதா, பாவம்ப்பான்னான். ரெண்டாங் கிளாஸ் படிச்சான்.

ஆமாங்க. படிச்சான்னுதான் சொன்னேன்.

ஜனவரியில. பொங்கல் முடிஞ்சு. மூளைக்காய்ச்சல். இல்லீங்க, ஒண்ணும் சொல்ல வேணாம். எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் வேலையைப் பத்திச் சொல்லி முடிச்சிடறேன், அது முக்கியம்.

டைட்டன் மேல ஒரு பொகை மூடிக்கிட்டே இருக்கும். வெயில் பட்டு மீத்தேன் ஒடைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஆரஞ்சு கலர்ல ஒரு பொகை. போகி அன்னிக்குக் காலையில நம்ம ஜனங்க பழைய பாய், டயரு எல்லாம் கொளுத்தி, எதுத்த வீடுகூடத் தெரியாம ஒரு பொகை நிக்குமே, அந்த மாதிரி. என்ன, அங்க வருஷம் பூரா போகிதான். அந்தப் பொகை எவ்வளவு ஆழம், கீழ எந்த எடத்துல தெளியுது, தரை கண்ணுக்குத் தெரியுமா தெரியாதா, இதான் என் பொழப்பு. தொண்ணூத்தொண்ணுல வாணியம்பாடியிலேருந்து பெங்களூர் வந்தேன். அப்போலேருந்து அந்தப் பொகையைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஜவ்வாது மலையில டெலஸ்கோப் இருக்கு, அங்க போயிப் பாப்போம். முக்காவாசி நாளு நம்ம ஊர் மேகமே மறைச்சுக்கும், அப்புறம் எங்க அந்த ஊர் பொகையைப் பாக்கறது. இருந்தாலும் கணக்குப் போட்டு ஒரு பேப்பர் எழுதினேன். இந்தப் பொகை மேலாப்புலதான், கீழ எறங்க எறங்கக் காத்து சுத்தமா இருக்கும்னு எழுதினேன். வெளிநாட்டுல நாலு பேர் படிச்சு, சரின்னு சொன்னாங்க. எனக்கு அந்தக் காலத்துல கால் தரையில நிக்கல.

அந்தத் திமிர்லதான் உங்க மேடைக்கு வந்தேன்.

எப்படி வந்தேன்னு உங்களுக்குத் தெரியுமா? கேபிள் டிவி உத்தமன்தான் காரணம். பில் வாங்க வந்தவன் வாசல்ல நின்னுக்கிட்டு, சார் நீங்க என்ன ஆராய்ச்சின்னு கேட்டான். சனி கிரகம்னேன். அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே. அந்த மாசம் சனிப்பெயர்ச்சி, அதே மாசம் கணபதி ஹப்பா பண்டிகை. ஒரே மேடையில ரெண்டையும் முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டுட்டான். அவனுக்கு நீங்களும் நானும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் சனி பாக்கறவங்க. நான் கவர்மெண்ட் சம்பளத்துல பாக்கறேன், அவ்வளவுதான் வித்தியாசம். பேனரைப் பாத்தீங்கள்ல? அந்தப் பக்கம் உங்க படம், இந்தப் பக்கம் என் படம், நடுவுல காக்கா மேல சனீஸ்வரர். என் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டதைப் பாத்துட்டு முட்டிவலிக்கு மருந்து கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க.

இப்ப சிரிப்பா இருக்கு. அன்னிக்கு எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. இன்ஸ்டிட்யூட்ல யாராவது இந்தப் பேனரைப் பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு வெக்கம். அந்த வெக்கத்தை உங்க மேல கொட்டினேன். நீங்க கடக ராசிக்காரங்களுக்கு என்ன பலன்னு ஏதோ சாந்தமாச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. நான் எந்திரிச்சு மைக்கைப் புடுங்காத கொறையா வாங்கி, ஜோசியரே, சனி இப்ப எங்க இருக்குன்னு கையைக் காட்டுங்கன்னேன். நீங்க பாவம், வானத்தைக் காட்டினீங்க. யாரா இருந்தாலும் மேலதான் காட்டுவாங்க. நான் உடனே, சனி இப்ப நம்ம காலுக்குக் கீழ பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கு, பாதி ராத்திரிக்கு மேலதான் எழும்பும், எங்க இருக்குன்னே தெரியாதவர் அது என்ன பண்ணும்னு சொல்றாருன்னேன். ஜனம் விசிலடிச்சுது. அது பத்தல எனக்கு. அடுத்து ஒண்ணு சொன்னேன். அதை நீங்க அப்படியே மனசுல வச்சுக்கணும்.

ஞாபகம் இருக்குங்களா? இருந்தாலும் நானே சொல்லிடறேன், வார்த்தை மாறக்கூடாது. சனி யாரையும் ஒண்ணும் பண்ணாது, பண்ணணும்னா மொதல்ல என்னைத்தான் பண்ணணும், இத்தனை வருஷமா அதை நோண்டிக்கிட்டே இருக்கறவன் நான்தான், பண்ணட்டும் பாக்கலாம். இதான் சொன்னேன். பண்ணட்டும் பாக்கலாம்னு ரெண்டு தடவை சொன்னேன். நீங்க சோடா பாட்டிலை எடுத்து ரெண்டு மொடக்கு குடிச்சுட்டு, தம்பி நல்லாப் பேசறாருன்னு சொல்லி உக்காந்துட்டீங்க. நான் ஜெயிச்சுட்டதா நெனச்சுக்கிட்டு எறங்கினேன்.

ராதா மொத வரிசையிலதான் இருந்தா, கவினை மடியில வச்சுக்கிட்டு. கவின் கை தட்டினான். ராதா அவன் ரெண்டு கையையும் சேத்துப் புடிச்சு நிறுத்தினா. மேடையிலேருந்து நான் பாத்தேன். வீட்டுக்கு வர்ற வழியில, பெரியவரு அவரு, இப்படியா எல்லார் முன்னாடியும் பேசுவீங்கன்னு மட்டும் கேட்டா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல.

என்னங்க? யாரு? ராதாவா?

உங்களைப் பாக்க வந்தாளா? எப்ப?

எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது. வாழைப்பழம், வெத்தலைபாக்கு எல்லாம் வச்சாளா? கவினையும் கூட்டிட்டு வந்தாளா? என்ன சொன்னா? அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்னா... நீங்க என்ன சொன்னீங்க?

ஒரு நிமிஷம் இருங்க.

இல்ல, ஒண்ணுமில்ல. டம்ளரைக் கீழ வச்சுடறேன். பாருங்களேன், பொங்கல் வரைக்கும் நான் ஒருத்தன் வீட்டுக்குள்ள தலை நிமிந்துக்கிட்டு சுத்தியிருக்கேன். அவ பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்து எனக்காகத் தலை குனிஞ்சுட்டுப் போயிருக்கா. ஒரு வார்த்தை சொல்லல. கவினும் சொல்லல பாருங்க, அந்தப் பய. ரகசியம்னு சொல்லி வச்சிருப்பா. ஒரு விதத்துல நீங்க இதைச் சொன்னது நல்லதுதான். அப்ப அவளுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. அது எனக்கு வேணும்.

அவளுக்கு ஒண்ணும் பெரிய பக்தி இல்லீங்க. சனிக்கிழமை ஆனா கோயில்ல ஒரு எள்ளு விளக்கு வைப்பா, அவங்க அம்மா வீட்டுப் பழக்கம். நான் விடுவேனா? ராதா, இந்த வெளிச்சம் சனிக்குப் போய்ச் சேரவே ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுக்குள்ள உன் விளக்கு அணைஞ்சுபோயிடும், அப்புறம் யாருக்கு ஏத்தறேன்னு கேப்பேன். வாரா வாரம் கேப்பேன். விருந்தாளி வந்தா அவங்க முன்னாடியும் கேப்பேன். கவினும் சேந்துக்குவான், அம்மா விளக்கு லேட்டு, அம்மா விளக்கு லேட்டுன்னு. ஒரு சனிக்கிழமை அவ போகல. அடுத்த வாரமும் போகல. நானும் ஏன்னு கேக்கல. விளக்கு நின்னதுக்குக் காரணம் நான்தான். இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. இது ரொம்ப முக்கியம்.

பொங்கலுக்கு வர்றேன்.

போகி அன்னிக்கு ராத்திரியே கவினுக்கு ஒடம்பு லேசா சுட்டுச்சு. பொகையில ஆடினான், அதான்னு நெனச்சோம். பொங்கல் அன்னிக்குக் காலையில காய்ச்சல். அன்னிக்கு எனக்குப் பெரிய நாளு. ஐரோப்பாக்காரங்க அனுப்புன கலம் ஒண்ணு அன்னிக்குத்தான் டைட்டன்ல எறங்குது. ஏழு வருஷம் பயணம் போன கலம், எறங்கறது எந்த நாளு பாருங்க, நம்ம பொங்கல். இன்ஸ்டிட்யூட்ல எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்தாங்க. போகட்டுமான்னு ராதாகிட்ட கேட்டேன். போய்ட்டு வாங்க, பண்டிகை நாளு, க்ளினிக்கும் தொறந்திருக்காது, க்ரோசின் குடுத்திருக்கேன், ரசஞ்சாதம் குடுக்கறேன், நாளைக்குக் காமிக்கலாம்னா. இந்த நாளைக்குங்கற வார்த்தையைத்தான் இப்ப அவ விட மாட்டேங்கறா.

நான் மறுநாள் காலையிலதான் வந்தேன், மாட்டுப்பொங்கல் அன்னிக்கு. கையில படம். டைட்டனோட தரை. ஆரஞ்சு வெளிச்சத்துல கல்லுங்க கெடக்கு, உருண்டை உருண்டையா, தண்ணி ஓடித் தேஞ்ச மாதிரி. கவின் படுத்திருந்தான். அவன் கையில குடுத்தேன். கண்ணைப் பாதி தொறந்து பாத்துட்டு, அப்பா, பாலாறுன்னான். ஆமாங்க, அசல் அப்படியேதான் இருந்துச்சு. தண்ணியில்லாத நம்ம பாலாறு. நான் அவன் நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். வைரல்தான் ராதான்னு நானும் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். மத்தியானம் கழுத்தைத் திருப்ப முடியலைன்னான். அப்பதான் தூக்கிட்டு ஓடுனோம்.

ரெண்டு நாள் இருந்தான்.

டாக்டர் எங்களைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. ஒரு நாள் முன்னாடி வந்திருந்தாலும் உறுதியா எதுவும் சொல்லியிருக்க முடியாதும்மா, ஆரம்பத்துல இது சாதாக் காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும், உங்க மேல எந்தத் தப்பும் இல்லன்னாரு. ராதா தலையை ஆட்டிக்கிட்டா. வெளிய வந்து, ஒரு நாள் முன்னாடின்னு அவரே சொன்னாரு பாருங்கன்னா. அவ காதுல அது மட்டும்தான் விழுந்துச்சு.

அதுலேருந்து குழந்தைங்க நெத்தியைத் தொடறா. எந்தக் குழந்தையா இருந்தாலும். ஸ்கூல் வேனுக்கு நிக்கற பசங்க, கடைக்கு வர்ற பசங்க, யார் இடுப்புலயாவது இருக்கற கைக்குழந்தை. போயி பொறங்கையை நெத்தியில வச்சுப் பாத்துட்டு, கழுத்தைத் திருப்பு கண்ணுன்னு சொல்லுவா. திருப்பினாத்தான் விடுவா. மொதல்ல தெருவுல எல்லாரும் பாவம்னு இருந்தாங்க. அப்புறம் பிள்ளைங்களை உள்ள இழுத்துக் கதவைச் சாத்தினாங்க. தப்பு சொல்ல முடியாதுங்க, பிள்ளை செத்த கை பிள்ளை மேல பட்டா ஒரு மாதிரி இருக்கும்ல. போன வாரம் பக்கத்து வீட்டு வீணாவோட பையன் வாசல்ல விளையாடிக்கிட்டிருந்தான். அவனை யார்கிட்டயும் சொல்லாம ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டா. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீணா தெருவுல உருண்டு அழுது, பிள்ளையைக் காணோம்னு போலீஸ் வரைக்கும் போயிடுச்சு. உத்தமன்தான் கால்ல கையில விழுந்து கேஸ் இல்லாம பண்ணான். நான் அங்க நின்னேங்க. அத்தனை பேர் என்னைப் பாத்தாங்க. என் பொண்டாட்டியை நெனச்சு நான் வெக்கப்பட்டேன். அதை நெனச்சா இப்ப அதைவிட வெக்கமா இருக்கு.

காட்டியாச்சுங்க. மனசு டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு. நல்ல டாக்டர்தான். மாத்திரை குடுத்திருக்காங்க, அதையும் நிறுத்தப் போறதில்ல. மாத்திரை போட்டாத் தூங்கறா. எந்திரிச்சா மறுபடியும், நாளைக்குன்னு நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன்.

சொல்லாம இருப்பேனா? நானும் சொல்லிப் பாத்துட்டேன். ராதா, நானும்தான் தொட்டுப் பாத்தேன், நானும்தான் வைரல்னு சொன்னேன், பிள்ளைக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும் கல்லைப் பாக்கப் போனவன் நான், என்னைத் திட்டு, என்னை அடின்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுங்களா? நீங்க ஆம்பளை, உங்களுக்கு என்னங்க தெரியும், நான்தானே அம்மா. அவ்வளவுதான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைக் கடிஞ்சு சொல்லல இதுவரைக்கும். எனக்குச் சாப்பாடு போட்டுட்டுத்தான் அவ சாப்பிடாமப் படுக்கறா.

கேட்டுட்டீங்களே. எல்லாரும் கேக்க நெனைக்கறதுதான். சனி பண்ணியிருக்குமோன்னு எனக்குத் தோணுச்சான்னு கேக்கறீங்க. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. ஒரு நாள் மொட்டைமாடியில நின்னேன், சனி நல்லா மேல வந்திருந்துச்சு. பண்ணட்டும் பாக்கலாம்னு சொன்னது காதுல கேட்டுச்சு. மறுநாள் இன்ஸ்டிட்யூட்ல பசங்களுக்கு க்ளாஸ் எடுக்கறப்ப யார் மூஞ்சியையும் என்னால பாக்க முடியல. ஆனா இல்லீங்க. பண்ணாது. அதுக்கு நாம இருக்கறதே தெரியாது. அதுல நான் மாறல. மாறியிருந்தா எனக்குமே சுலபமா இருந்திருக்கும்.

இதுல இன்னொரு கூத்து. அந்தக் கலம் அனுப்புன கணக்கெல்லாம் அப்புறமா மெதுவா வந்துச்சு. என் பேப்பர் தப்பு. கீழ காத்து தெளிவா இருக்கும்னு எழுதினேனில்ல? தரை வரைக்கும் பொகைதானாம். கூட வேலை பாக்கற வெள்ளைக்காரர் ஒருத்தர் வருத்தப்பட்டு மெயில் அனுப்பினாரு. எனக்கு ஒண்ணுமே தோணல. சரி, அதுவும் போச்சுன்னு மூடி வச்சுட்டேன்.

பரிகாரம் வேணாங்கய்யா. திருநள்ளாறு போலாம், எள்ளு தானம் பண்ணலாம், நீங்க சொன்னா எல்லாம் பண்றேன். ஆனா அதுக்காக வரல. பரிகாரம் பண்ணா தப்பு போகும்னு நீங்க சொன்னீங்கன்னா, தப்பு தன்னுதுன்னுதான் அவ எடுத்துக்குவா. வேற ஒண்ணு வேணும்.

சொல்றேன். நீங்க அவகிட்ட, இது என்னாலதான் நடந்துச்சுன்னு சொல்லணும்.

இருங்க, எந்திரிக்காதீங்க. முழுசாக் கேளுங்க. டாக்டர் சொல்லியும் அவ நம்பல, நான் சொன்னாலும் நம்பல. நீங்க சொன்னா நம்புவா. உங்களைப் பெரியவரா மதிச்சு மன்னிப்பு கேட்டவ. நீங்க அவளைப் பாத்துச் சொல்லணும். அம்மா, காய்ச்சலும் இல்ல, க்ரோசினும் இல்ல, நீ நாளைக்குன்னு சொன்னதும் இல்ல. உன் புருஷன் மேடை ஏறி சனீஸ்வரனைப் பண்ணட்டும் பாக்கலாம்னு சவால் விட்டான். நீ ஏத்துன விளக்கைக் கிண்டல் பண்ணி நிறுத்தினான். சனியைப் பிள்ளை மாதிரி சுத்தி வர்ற டைட்டனை வருஷக்கணக்கா நோண்டினான். அவன் சனியோட பிள்ளையை நோண்டினான், அதனால அவன் பிள்ளை போச்சு. இப்படிச் சொல்லுங்க.

பாருங்க, நானே அதை வார்த்தை வார்த்தையாக் கோத்து வச்சிருக்கேன். பஸ்ல வர்றப்பகூட மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன், நல்லா ஒறைக்கற மாதிரி இருக்கான்னு. இவ்வளவு நேரம் என் வேலையைப் பத்தி உங்களுக்குப் பாடம் எடுத்தது அதுக்குத்தாங்க. நீங்க பொதுவாச் சொன்னா அவ தலையை ஆட்டிட்டுப் போயிடுவா. டைட்டன்னு பேரு சொல்லுங்க. சாணி கேஸ் மழைன்னு சொல்லுங்க. அப்ப நிமிந்து பாப்பா. நிமிந்து பாத்தா என்னைத்தான் பாப்பா.

பொய் சொல்ல மாட்டீங்களா? என்னய்யா, நீங்க இப்படிச் சொல்றீங்க. இல்ல, கோபப்படல. மரியாதையாத்தான் கேக்கறேன். முப்பது வருஷமா தெரிஞ்சு ஒரு பொய் சொல்லலையா நீங்க. சரி, நம்பறேன். அப்ப இதைப் பாருங்க. நான் மேடையில சவால் விட்டது உண்மையா இல்லையா? உண்மை. விளக்கை நிறுத்தினது உண்மை. டைட்டன் உண்மை. பொங்கல் அன்னிக்கு சனி வக்ரத்துல இருந்துச்சு, உங்க பஞ்சாங்கத்துலயும் இருக்கும், என் கணக்குலயும் இருக்கு. நாம போற பஸ் லாரியை முந்தறப்ப லாரி பின்னால போற மாதிரித் தெரியுமே, அவ்வளவுதான் வக்ரம். ஆனா வக்ரம்தான், பொய்யில்ல. பிள்ளை போனதும் உண்மை. எல்லாமே உண்மைங்க. நடுவுல அதனாலங்கற ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நீங்க சேத்துக்கோங்க. அந்த ஒரு வார்த்தை எங்க சேரும், எங்க சேராதுன்னு பாக்கறதுதான் என் படிப்பு மொத்தமும். அதை நானே உங்ககிட்ட வந்து பிச்சை கேக்கறேன்.

தெரியுங்க. என்னை வெறுத்துடுவா. கத்துவா, அடிப்பா, வாணியம்பாடிக்கு அவங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவா. போகட்டும். அங்க போயி எனக்குச் சாபம் விட்டுக்கிட்டு மூணு வேளை சாப்பிடட்டும். என் மேல கோபத்தோட அவ உயிரோட இருந்தாப் போதும் எனக்கு. பழியைத் தூக்கிக்கிட்டு அலையறா ஐயா. அதை வாங்கிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். நான் கையை நீட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், என் கையில குடுக்க மாட்டேங்கறா. நீங்க வாங்கிக் குடுங்க.

அன்னிக்கு மாதிரி நான் குறுக்க பேச மாட்டேன். நீங்க சனின்னு சொல்றப்ப என் மூஞ்சியில ஒரு சின்னச் சிரிப்பு கூட வராது. நீங்க வேணும்னா எங்க இன்ஸ்டிட்யூட்டையே கூட்டி வச்சுத் திட்டுங்க, தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆமாங்கறேன்.

யோசிக்கிறீங்க. யோசிங்க. ஆனா ரொம்ப நேரம் இல்லீங்க. அதோ பாருங்க, கீழ பேக்கரியில, பச்சைப் பொடவை. அந்தக் கண்ணாடி அலமாரி பக்கத்துல. டீ ஆறிப் போயி அப்படியே இருக்குல்ல, அவதான். ஆமா, கூட்டிட்டுத்தான் வந்தேன். ஜோசியர் ஐயாகிட்ட மேடையில பேசுனதுக்கு மன்னிப்பு கேக்கப் போறேன், கூட வர்றியான்னு கேட்டேன். ஜனவரிக்கப்புறம் இன்னிக்குத்தான் தானா பொடவை மாத்திக்கிட்டா.

தலையை ஆட்டினீங்களே, சரின்னுதானே அர்த்தம்? ரொம்ப நன்றிங்க. இல்ல, கால்ல விழல, விழல, கையை விடுங்க.

போயி கூட்டியாறேன். செருப்பா? ஆமா, எடுத்துக்கறேன். வர்றப்ப வெளியவே விட்டுட்டு வர்றேன், எல்லாரும் பாக்கட்டும்.

இன்னொண்ணு, உள்ள ரூம்ல உங்க பேத்தி எழுதிக்கிட்டு இருக்குதில்ல? ராதா வந்ததும் உங்களைப் பாக்க மாட்டா. நேரா அதுகிட்டதான் போவா. நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு, கழுத்தைத் திருப்பு கண்ணும்பா. பயப்படாமத் திருப்பச் சொல்லுங்க. அப்புறமா ஆரம்பிங்க.